கம்பியில் முன்னால் தொங்கிய பெயர்

இருவர் சேர்ந்து சம்பாதித்த பெயரை, ஒருவர் விலகிப் போன பிறகு, மிச்சம் இருப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளலாமா? பெரியக்காவின் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விதான் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு அது கேள்வியாகத் தெரியவில்லை. தலைவலியாகத்தான் தெரிந்தது.

பெரியக்கா பை தைப்பவர். புதுப் பை அல்ல. கைப்பிடி அறுந்தது, ஜிப் பிரிந்தது, சக்கரம் கழன்றது என்று பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் வந்து சேரும் பைகளையும் பெட்டிகளையும் சரிசெய்து கொடுப்பவர். கடை என்பது ஒரு மெஷின் நேராகவும் ஒரு ஆள் பக்கவாட்டிலும் உட்காரும் அகலம்தான். உள்ளே பசை நாற்றமும் ரெக்சின் நாற்றமும் எப்போதும் இருக்கும். வேலை அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை. தையல் வரிசை சில இடங்களில் வளைந்துதான் போகும். ஆனால் பிரியாது. ஒரு பையிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடையை அவர் தனியாகத் தொடங்கவில்லை. சின்னக்காவும் அவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். வீட்டில் மூத்த மருமகள், இளைய மருமகள் என்பதால் கடையிலும் பெரியக்கா, சின்னக்கா. பெரியக்கா வாசலில் நிற்பார். வருகிற பையை வாங்கி, உள்ளே கையை விட்டு, துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "பண்ணிடலாம்" என்பார். எந்தப் பையாக இருந்தாலும் அதே பதில்தான். உள்ளே மெஷினில் இருக்கும் சின்னக்கா தலையை நிமிர்த்தாமலே, "ஆகாதுக்கா. அது மாவா உதிருது, ஊசி எங்கே நிக்கும்?" என்பார். வந்தவர் முகத்தைச் சுளிப்பார். பெரியக்கா அவரைச் சமாதானப்படுத்துவார். எட்டில் ஏழு தடவை சின்னக்கா சொன்னதுதான் நடக்கும்.

கடைக்குப் பலகை கிடையாது. "ரெண்டு பேர் கடைக்குப் போங்க. ஒருத்தர் முடியும்பாங்க, ஒருத்தர் முடியாதும்பாங்க. ரெண்டையும் கேட்டுக்கிட்டு வாங்க" என்று ஆட்கள் ஒருவரை ஒருவர் அனுப்பிவைத்தார்கள். பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கும் பைக்கு ஓர் அட்டைத் துண்டைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைப் பையின் காதில் கட்டுவார்கள். மறுபாதியை மெஷினுக்கு மேலே ஓடும் கம்பியில் தொங்கவிடுவார்கள். இரண்டிலும் பைக்காரரின் பெயர் இருக்காது. பின்பக்கம் நூல் நம்பரும், முன்பக்கம் பையின் குறையும்தான் இருக்கும். 'பல் போன ஜிப்.' 'தோள்வார் அறுந்தது.' 'அடியில் எலி.' அது சின்னக்கா கொண்டுவந்த ஏற்பாடு. "ஒரே பேர்ல ஊர்ல நூறு பேர் இருக்காங்க. ஒரே மாதிரி கிழிசல் ரெண்டு பைக்கு இருக்காது" என்பார். கம்பியின் வாசல்பக்க முனையில் தொங்கும் அட்டைதான் அடுத்து கைவைக்க வேண்டிய வேலை. அவசரக்காரர்கள் வந்தால் அவர்களுடைய அட்டை முனைக்குப் போகும், மற்றவை பின்னால் தள்ளப்படும். அதனால் கடைக்குள் பேச்சும் விசித்திரமாக இருக்கும். "அடியில் எலி வந்தாரா?" "வரலக்கா. தோள்வார்தான் வந்து கத்திட்டுப் போறார்."

சின்னக்கா ஏன் போனார் என்பது பெரியக்காவுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஒரு பிற்பகல் ஒருவர் ஓடு பிளந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெரியக்கா வழக்கம்போலப் பண்ணிடலாம் என்றார். சின்னக்கா ஆகாது என்றார். வந்தவர் சின்னக்காவைப் பார்த்து, "உங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சின்னக்கா மெஷினை நிறுத்தினார்.

"நீ நல்லவளா இருக்கிறதுக்கு நான் கெட்டவளா இருந்துக்கிட்டே இருக்கணுமாக்கா?" என்றார் சின்னக்கா.

பெரியக்கா அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். மறுநாள் சின்னக்கா வரவில்லை. கொழுந்தன் மட்டும் வந்து, அவருடைய கத்திரிக்கோலையும் உட்காரும் குஷனையும் எடுத்துப் போனார். ஊரின் மறுகோடியில், தனிக்குடித்தனம் இருந்த வீட்டின் முன்னறையிலேயே சின்னக்கா பை தைக்கத் தொடங்கினார். பேச்சுவார்த்தை நிற்கவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள், உடம்பு எப்படி என்று கேட்பார்கள். "சண்டைன்னு ஒண்ணு போட்டிருந்தாலாவது சமாதானம்னு ஒண்ணு பேசலாம்" என்று பெரியக்கா புலம்புவார்.

அதன் பிறகு கடையில் ஆகாத பைகள் குவிந்தன. பண்ணிடலாம் என்று சொல்ல ஆள் இருந்தது. ஆகாது என்று சொல்ல ஆள் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கடைக்கு வாடகை வாங்கும் கட்டடக்காரர் வந்தார். தெருப்பக்க அறையை மருந்துக்கடைக்குக் கேட்கிறார்களாம். பெரியக்கா இரண்டாவது மாடியில் பின்பக்க அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்குப் படி குறுகல், ஜன்னலுக்கு எதிரே சுவர். கையில் உடைந்த பெட்டியோடு எவரும் தற்செயலாக அங்கே ஏறி வரப்போவதில்லை. தேடி வந்தால்தான் உண்டு. தேடினால் கிடைக்க ஒரு வழி வேண்டும்.

வழி சொன்னவர் மருமகன். கைப்பேசி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர்.

"அத்தை, ஒரு வெப்சைட் போட்டுடலாம். கிழிஞ்சதை போட்டோ எடுத்து அனுப்பட்டும். நீங்க பார்த்து முடியுமா முடியாதான்னு சொல்லுங்க."

"நான் எங்கே மாப்பிள்ளை முடியாதுன்னு சொல்லப்போறேன்?"

"அது அப்புறம். முதல்ல ஒரு பேரு வேணும்."

"பேருதான் இருக்கே."

"அது ஆளுங்க வாயில இருக்கிற பேரு. இது டொமைன். வாங்கணும்."

"யார்கிட்ட?"

"பேரு விக்கிற கம்பெனிகிட்ட."

"நம்ம பேரு அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

"போகல அத்தை. யாரும் எடுக்காத பேரா இருந்தா அவங்க வழியா நாம எடுத்துக்கலாம். உலகத்துல ஒருத்தர் எடுத்துட்டா இன்னொருத்தருக்கு அதே பேரு கிடைக்காது. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்."

"அதாவது வாடகை."

"வாடகை மாதிரிதான்."

"பேருக்கும் வாடகையா? இதுக்கு நம்ம கட்டடக்காரரே தேவலை. அவர் ஒரு அறையாவது தர்றார்."

"அம்மா, நிறுத்து. இதுக்கு மேல கேட்டா அவருக்கே தெரியாது" என்றாள் மகள்.

முதலில் பை ரிப்பேர் என்று தட்டிப் பார்த்தார்கள். அதை யாரோ எடுத்திருந்தார்கள். திறந்தால் வெற்றுப் பக்கம். "கடையும் இல்ல, ஆளும் இல்ல. பேரை மட்டும் பூட்டு போட்டு வச்சிருக்காங்களே, எதுக்கு?" என்று பெரியக்கா கேட்டார். விற்பதற்கு என்றார் மருமகன். பெயருக்குள் ஒன்றுமே இல்லாமல் பெயரை மட்டும் விற்க முடியும் என்பது பெரியக்காவுக்கு இரண்டு நாள் நெஞ்சிலேயே நின்றது. தன் அறிவுக்கு எட்டாதது என்று அவர் அதை ஒதுக்கவில்லை. அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றே நினைத்தார். அவர் நினைத்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு எல்லாரும் பெயர் சொன்னார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "டிராவல் கேர்னு வைங்க. கேட்டா ஏ.சி. போட்ட மாதிரி இருக்கணும்" என்றார். மகள் தன் குழந்தையின் செல்லப் பெயரைச் சொன்னாள். வேன் ஓட்டும் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? உன் பேரையே வை" என்றார்.

"என் பேரு யாருக்குத் தெரியும்? உங்களுக்கே ரேஷன் கார்டுல எழுதும்போது யோசனை வருது."

எந்தப் பெயரையும் பெரியக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதி, பைகளின் அட்டைகளோடு கம்பியில் மாட்டிவைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று மற்றதைவிடத் தேவலை என்று தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். பார்க்கப் பார்க்க எல்லாமே ஒன்றுபோல ஆகிவிட்டன. 'டிராவல் கேர்', 'அடியில் எலி', 'பல் போன ஜிப்', பேத்தியின் செல்லப் பெயர். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின.

ரெண்டு பேர் கடை என்பதையும் ஒரு நாள் எழுதினார். எழுதியதை மாட்டவில்லை, மெஷின் டிராயரில் போட்டார். பிறகு எடுத்தார். சின்னக்காவுக்குப் போன் போட்டார்.

"வெப்சைட் போடச் சொல்றார் மாப்பிள்ளை. பேரு கேட்கிறார்."

"ம்."

"ரெண்டு பேர் கடைன்னு வைக்கலாமான்னு ஒரு யோசனை."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"நீ என்ன சொல்றே? வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"உன் இஷ்டம்க்கா" என்றார் சின்னக்கா.

"என் இஷ்டத்தைக் கேட்கவா உனக்குப் போன் போட்டேன்?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? உனக்கு எது தோணுதோ அதை வை. ஜிப்புக்கு ரன்னர் எங்கே வாங்குறே இப்போ? பழைய ஆளுதானா? இப்ப அவன் பித்தளைன்னு சொல்லிட்டு வேற எதையோ தள்ளிவிடறான், பார்த்து வாங்கு."

ரன்னரைப் பற்றிப் பேசி முடித்துப் போனை வைத்தார்கள். இத்தனை வருடத்தில் சின்னக்கா எதையும் யாருடைய இஷ்டத்துக்கும் விட்டதில்லை. நூல் நிறத்திலிருந்து டீக்கு எத்தனை சர்க்கரை என்பது வரை சொல்லிவிடுகிற ஆள். அவர் வேண்டாம் என்றிருந்தால் பேத்தியின் பெயரையோ ஏ.சி. போட்ட பெயரையோ வைத்திருக்கலாம். சரி என்றிருந்தால் இதையே வைத்திருக்கலாம். இஷ்டம் என்றால் என்ன செய்வது?

"விட்டுக் கொடுத்துட்டான்னு அர்த்தமா, கைகழுவிட்டான்னு அர்த்தமா?" என்று கணவரிடம் கேட்டார்.

"சோறு போட்டுட்டுக் கேளு" என்றார் அவர்.

பெரியக்கா ரெண்டு பேர் கடை என்று எழுதிய அட்டையைக் கம்பியின் முனையில் மாட்டினார். இறக்கினார். மறுபடி மாட்டினார். கட்டடக்காரரின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு காலை மருமகனுக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை, முடிவு பண்ணிட்டேன். கம்பியில முன்னாடி தொங்குது. மதியம் நான் மேலே அறையைக் கூட்டிக்கிட்டு இருப்பேன். நீங்க வந்து பார்த்துட்டு அதையே வாங்கிடுங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்காதீங்க, மறுபடி குழம்பிடுவேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது அது உண்மைதான். முனையில் ரெண்டு பேர் கடைதான் தொங்கியது. ஆனால் நண்பகலுக்கு முன்பு, ஒரு டீச்சர் அவசரமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கச் சக்கரம் கழன்றிருந்தது. சாயங்காலம் ஊருக்குப் போக வேண்டும், அதற்குள் வேண்டும் என்றார். பெரியக்கா பண்ணிடலாம் என்றார். அட்டையில் எழுதினார், பாதியைப் பெட்டியில் கட்டினார், மறுபாதியைக் கம்பியின் முனையில் மாட்டினார். இருபது வருடமாக அந்தக் கை அவசர வேலையை மாட்டுகிற இடம் அது. கைக்கு வெப்சைட் தெரியாது. பிறகு துடைப்பத்தோடு மாடிக்குப் போனார்.

மருமகன் வந்தார், பார்த்தார், கைப்பேசியிலேயே வாங்கினார். நான்கைந்து வருடத்துக்குச் சேர்த்து வாங்கினால் மலிவு என்பதால் அப்படியே வாங்கினார். மாடிப்படியில் ஏறி வந்து, "முடிஞ்சது அத்தை. வித்தியாசமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் காலத்துல அப்படித்தான் வைக்கிறாங்க" என்றார்.

"என்ன வித்தியாசம்? ஊரே சொல்ற பேருதானே?"

"ஊரா? இடதுசக்கரம்னு ஊர்ல யாரு சொல்றா?"

பெரியக்கா துடைப்பத்தைக் கீழே போடவில்லை. அதை ஊன்றிக்கொண்டு நின்றார். "அது டீச்சரோட பெட்டி" என்றார்.

திருப்பிக் கொடுக்க முடியாதாம். எழுத்தை மாற்றவும் முடியாதாம். வாங்கியது வாங்கியதுதான், வேண்டுமானால் இன்னொன்று வாங்கலாம் என்றார்கள் பெயர் விற்ற கம்பெனியில். சாயங்காலம் பெட்டியை எடுக்க வந்த டீச்சர் விஷயம் தெரிந்து படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "என் பெட்டிக்கு வெப்சைட்டா? என் வீட்டுக்காரருக்கே கிடையாதுங்க." ஜெராக்ஸ் கடைக்காரர், "கட்சி ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. சின்னம் கூட ரெடி" என்றார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, அட்டையைப் பின்னாடி திருப்பிப் பார்த்திருந்தா நூல் நம்பர் இருந்திருக்குமே" என்று கணவனைப் பிடித்துக்கொண்டாள். "நூல் நம்பர் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பையா தைக்கிறேன்?" என்றார் அவர்.

மாடிக்குப் போனார்கள். இடதுசக்கரம் என்ற பெயரில் பக்கம் திறந்தது. மெஷினின் படம், போன் நம்பர், படிக்கட்டுக்கு வழி. சிலர் படம் எடுத்து அனுப்பினார்கள். வேடிக்கைக்குப் பார்த்தவர்கள் சிலர் உண்மையாகவே பை கொண்டுவந்தார்கள். ஆனால் கம்பியில் அட்டைகளுக்கு நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. பெரியக்கா அதைப் பார்த்தார். ஒரு நாள் மருந்துக்கடை வாசலில் கைப்பிடி அறுந்த பையோடு ஒரு பழைய ஆள், "இங்கே ரெண்டு பேர் கடை இருந்துச்சே" என்று கேட்டுக்கொண்டு நின்றதை மாடி நடையிலிருந்து பார்த்தார். கீழே இறங்கி வருவதற்குள் அவர் போய்விட்டார். போனில் தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மருமகனுக்கு இதுதான் சாக்கு. "அத்தை, அந்தப் பேரு இன்னும் சும்மாதான் இருக்கு. ஊர்ல பாதிப் பேர் உங்களை அப்படித்தான் தேடறாங்க. யாராவது எடுத்துட்டா போச்சு. வாங்கிடலாம். என் தப்பு, என் காசு."

"காசு நான் தர்றேன். வாங்குங்க" என்றார் பெரியக்கா. இந்தத் தடவை யோசிக்கவில்லை.

ஒரு பிற்பகல் மருமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். வெட்டுப் பலகையின் மேல் துண்டுத் துணிகளை ஒதுக்கி அதை வைத்தார். பெரியக்கா ஒரு பள்ளிக்கூடப் பைக்கு அடிப்பட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கியாச்சு. இப்ப ரெண்டு பேர் கடைன்னு தட்டினா எங்கே போகணும்னு சொல்லணும். நம்ம பக்கத்துக்கே திருப்பிடறேன்."

"திருப்புறதுன்னா?"

"அந்தப் பேரைத் தேடிப் போறவங்க நாம சொல்ற இடத்துக்கு வந்து நிப்பாங்க."

"எங்கே வேணும்னாலும் அனுப்பலாமா?"

"எங்கே வேணும்னாலும். ஒரு நம்பரும் விலாசமும் போட்டாலே போதும்."

பெரியக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு ஒரு போன் நம்பரைச் சொன்னார். ஊரின் மறுகோடியில் ஒரு தெருவையும் கதவு எண்ணையும் சொன்னார். மருமகன் பாதி தட்டியபின் கையை நிறுத்தினார்.

"அத்தை, இது சின்னத்தை வீடு."

"ஆமா."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல."

"தேடி வர்றவங்க எல்லாரும் அங்கே போயிடுவாங்களே. உங்களுக்கு யாரு வருவா?"

பெரியக்கா பையைத் திருப்பி மறுபக்கத்தை ஊசிக்கு அடியில் வைத்தார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பேர் நம்பரையும் போட்டுடறேன். மேலே அவங்க, கீழே நீங்க. பேருக்கும் பொருத்தமா இருக்கும்."

"ஆகாது, மாப்பிள்ளை" என்றார் பெரியக்கா.

மருமகன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் சொன்ன நம்பரை மட்டும் தட்டினார்.

ஏன் இப்படிச் செய்தார் என்று அன்று மகள் கேட்டாள். கணவர் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் கேட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர் மாடி ஏறி வந்தே கேட்டார். சில நாள் கழித்து நானும் என் தோள்பையை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் பைக்குள் கையை விட்டு, அடித் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இங்கே பாருங்க, தையல் நல்லாத்தான் இருக்கு. துணிதான் போச்சு" என்றார். அட்டையில் அதை எழுதி, கம்பியின் முனையில் மாட்டினார்.